பதவி போனது, வேலை போகவில்லை: அஜைல் முறைக்கு மாறிய ஒரு மென்பொருள் நிறுவனம்

ஒரு மென்பொருள் நிறுவனம் திட்ட மேலாளர் என்ற பதவியை ஒரே நாளில் எடுத்துவிட்டது. அந்தப் பதவியில் இருந்தவர்கள் அன்றாடம் செய்துவந்த வேலைகள் இனி யாருடையவை என்று எவரும் கேட்கவில்லை. அதனால் நேர்ந்ததையும் அது சரிசெய்யப்பட்ட விதத்தையும் இங்கே வரிசையாகப் பதிவுசெய்கிறேன். மாற்றம் தொடங்கிய மூன்றாம் மாதத்தில், நிர்வாகம் அழைத்ததன் பேரில் ஆலோசகராக உள்ளே போனேன். சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிகழ்ச்சிகளின் வரிசையிலும் காரணங்களிலும் கை வைக்கவில்லை.

பின்னணி

மொத்த வணிகர்களின் கிடங்குகளுக்கான மென்பொருளை அந்த நிறுவனம் உருவாக்கி விற்றுவந்தது. சரக்கு வரவு, இருப்புக் கணக்கு, ஆர்டர், அனுப்புதல், திரும்பி வரும் சரக்கு என அனைத்தும் அதில் அடங்கும். பத்தாண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவந்த நிரல் அது. நிரலாளர்கள், சோதனையாளர்கள், மேலாளர்கள் எல்லாரும் சேர்ந்து நாற்பது பேருக்குள் இருந்தார்கள்.

ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் என்பது வழக்கம். தேவைகளை எழுதி வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்குவார்கள். பிறகு வடிவமைப்பு, அதன் பிறகு நிரலாக்கம், கடைசி ஆறு வாரம் சோதனை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. வாட்டர்ஃபால் என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்த வரிசையின் படம் 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. சோதனையைக் கடைசிக்குத் தள்ளும் ஏற்பாடு ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்தும் இருக்கிறார். அந்த எச்சரிக்கை இங்கே அப்படியே பலித்தது.

கடைசிப் பெரிய வெளியீடு நான்கு மாதம் தாமதமானது. வந்து சேர்ந்த பிறகும், திரும்பி வரும் சரக்கைப் பதிவுசெய்யும் திரை கிடங்கு ஊழியர்களுக்கு உதவவில்லை. ஆவணத்தில் கையொப்பமிட்ட பிறகு, சேதமான சரக்கையும் காலாவதியான சரக்கையும் அந்த வாடிக்கையாளர் தனித்தனியே பிரித்து வாங்கத் தொடங்கியிருந்தார். திரையிலோ இரண்டுக்கும் ஒரே பதிவுதான். இதற்குப் பிறகுதான் அஜைலுக்கு, அதாவது வேலையைச் சிறு பகுதிகளாகச் செய்து, அடிக்கடி வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் முறைக்கு, மாறுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. காரணம் நியாயமானது. நான் பேசிய எவரும், பதவி இழந்த மேலாளர்கள் உட்பட, அதை மறுக்கவில்லை.

மாற்றம் தொடங்கிய விதம்

எல்லாருக்கும் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அடுத்த வாரமே நான்கு குழுக்கள் அறிவிக்கப்பட்டன: திரைகள், சர்வர், தரவுத்தளம், கையடக்க ஸ்கேனர். ஸ்பிரிண்ட், அதாவது ஒரு தொகுதி வேலையை எடுத்து முடிக்கும் சுழற்சி, இரண்டு வாரம். சோதனையாளர்கள் மட்டும் முன்போலவே தனிப் பிரிவாக இருந்து நான்கு குழுக்களுக்கும் பொதுவாக வேலை செய்ய வேண்டும்.

திட்ட மேலாளர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். மூவர், குழு தடையின்றி வேலை செய்ய உதவும் ஸ்க்ரம் மாஸ்டர் ஆனார்கள். ஒருவர், எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் புராடக்ட் ஓனர் ஆனார். ஐந்தாமவர், அவர்களில் மிகவும் மூத்தவர், வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டார். நிர்வாகம் இதற்குச் சொன்ன காரணம், ஸ்க்ரம் என்ற அஜைல் முறையின் வழிகாட்டி. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய அந்த வழிகாட்டியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என்று மூன்று பொறுப்புகள்தான் உள்ளன. மேலாளர் அதில் இல்லை, ஆகவே தேவையில்லை என்று புரிந்துகொண்டார்கள். விடுப்பு, ஊதிய உயர்வு, ஒப்பந்தத் தேதி, வெளி விற்பனையாளருடன் பேச்சுவார்த்தை ஆகியவை பற்றியும் அந்த வழிகாட்டி எதுவும் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தில் அவை நடந்தாக வேண்டியவை என்பதை யாரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

கவனித்தவை

நான் போனபோது மேலோட்டமாக எல்லாம் நன்றாக இருந்தது. குழுவினர் தினமும் தங்கள் வேலை நிலையைப் பகிர்ந்துகொள்ளும் காலைக் கூட்டம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. வேலைக்கு ஒன்றாகப் பலகையில் இருந்த அட்டைகள் நகர்ந்தன. நான்கு குழுக்களின் வெலாசிட்டியும், அதாவது ஒரு ஸ்பிரிண்டில் முடித்த வேலைகளுக்குக் குழு கொடுத்த அளவு எண்களின் கூட்டுத்தொகையும், ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் கைக்கு ஒரு புதிய வசதிகூடப் போய்ச் சேரவில்லை.

முதலில் காலைக் கூட்டங்களில் போய் நின்றேன். சர்வர் குழுவில் ஓர் இளம் நிரலாளர் மூன்று நாளாக ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தார். சோதனைச் சர்வரில் தரவுத்தள இணைப்புகள் தீர்ந்துபோய், சிறிது நேரத்துக்கு ஒருமுறை எல்லாம் நின்றுவிடும். மறுபடி இயக்கினால் கொஞ்ச நேரம் ஓடும். கூட்டத்தில் அவர் சொன்னது இது: "வேலை நடந்துகொண்டிருக்கிறது, நாளைக்குள் முடித்துவிடுவேன்." அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பவர் முந்தைய வாரம்தான் அதே கோளாற்றைக் கண்டுபிடித்திருந்தார். எடுத்த இணைப்பைத் திருப்பிக் கொடுக்காத ஒரு பழைய நிரல்துண்டுதான் காரணம். அவர் தன் பகுதியில் மட்டும் அதைத் திருத்திக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தார். இருவரும் ஒரே கூட்டத்தில், ஓர் அடி இடைவெளியில் நின்றார்கள். பேசும்போது இருவரும் பார்த்தது ஸ்க்ரம் மாஸ்டரின் முகத்தைத்தான். அவர் ஒவ்வொருவர் சொல்வதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நிரலாளரைத் தனியாகக் கேட்டேன். "அவர்தானே என் ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறார்? மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் எதிரில் எப்படிச் சொல்வது?" என்றார். பெயர் மாறிய பிறகும் மதிப்பீடு எழுதும் அதிகாரம் பழைய மேலாளர்களிடமே இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்க்ரம் மாஸ்டரையும் குறை சொல்ல முடியாது. ஆண்டு முடிவில் எழுதியாக வேண்டும் என்றால் குறித்துக்கொள்ளத்தான் செய்வார்.

வெலாசிட்டி ஏறியதற்குக் காரணம் எளிது. நிர்வாகக் கூட்டத்தில் நான்கு குழுக்களின் எண்களையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டினார்கள். முதல் ஸ்பிரிண்டில் ஓர் அறிக்கையில் நெடுவரிசை சேர்க்கும் வேலைக்கு 3 ஸ்டோரி பாயிண்ட் (அந்த அளவு எண்ணின் பெயர்) கொடுத்த குழு, ஆறாவது ஸ்பிரிண்டில் ஏறக்குறைய அதே வேலைக்கு 8 கொடுத்திருந்தது. ஒரு குழு தனக்குள் வேலையின் அளவை ஒத்துப் பார்க்கவே ஸ்டோரி பாயிண்ட் பயன்படும். இரண்டு குழுக்களை அதை வைத்து ஒப்பிட்டால் எண்தான் வளரும். 2001ஆம் ஆண்டு 17 பேர் சேர்ந்து வெளியிட்ட அஜைல் அறிக்கையுடன் வந்த பன்னிரண்டு கொள்கைகளில் ஒன்று, செயல்படும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. இங்கே அளவுகோலாக இருந்தது மதிப்பீட்டு எண்.

பலகையில் 'முடிந்தது' என்ற கட்டத்துக்குப் போன அட்டை உண்மையில் முடிந்ததில்லை. நிரலாளர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டார் என்பதுதான் அதன் பொருள். அங்கிருந்து சோதனைப் பிரிவின் பட்டியலுக்குப் போகும். நான்கு குழுக்களும் ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு நாளில் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டின. ஒரு திரையில் சிறு மாற்றம் என்றாலும் சர்வர், தரவுத்தளம் என மூன்று குழுக்களைத் தாண்டி வர வேண்டும். ஒரு நிறுவனத்தில் தகவல் எந்த வழிகளில் போய்வருகிறதோ, அந்த அமைப்பையே அது உருவாக்கும் வடிவமைப்பும் கொண்டிருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். இங்கே குழுக்களை அடுக்கு அடுக்காக வெட்டியதால் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு காத்திருப்பு உண்டாகியிருந்தது.

தொடங்கி இன்னும் வாடிக்கையாளரிடம் போகாத அட்டைகள் எத்தனை என்று எண்ணச் சொன்னோம். அறுபது வந்தது. சோதனையும் முடிந்து வெளியீட்டுக்குத் தயாரானவை வாரத்துக்கு ஆறு. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக் காட்டிய விதிப்படி, உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை தங்கும் சராசரிக் காலம் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் பத்து வாரம். இரண்டு வார ஸ்பிரிண்ட் என்று சொல்லிக்கொண்டு, பத்து வாரச் சுழற்சியில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கெடுப்பு வாரத்தில் நடந்தது

இவற்றை எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கும் முன்பே ஒரு விபத்து நேர்ந்துவிட்டது. மூன்று மாதம் எதுவும் வெளியாகவில்லை என்ற அழுத்தத்தில், தயாராக இருந்தவற்றைத் திரட்டி ஒரு வெளியீடு போட்டார்கள். அதில் பார்கோடைப் படிக்கும் முறையில் ஒரு மாற்றம் இருந்தது. மிகப் பெரிய வாடிக்கையாளரின் கிடங்கில் அந்த வாரம் ஆண்டுக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பழைய வகை ஸ்கேனர்கள் புதிய முறையைப் படிக்கவில்லை. அன்றிரவே வெளியீட்டைத் திரும்பப் பெற்றார்கள். எண்ணி முடித்த ஒரு பகுதியை ஊழியர்கள் மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட அந்த மூத்த மேலாளரிடம் ஓர் அட்டவணை இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எந்த வாரங்களில் வெளியீடு கூடாது, யாரிடம் எந்த வகை ஸ்கேனர் இருக்கிறது, எந்த நிரல்பகுதியைத் தொட்டால் வேறு எது உடையும், எந்த மாற்றத்துக்கு யாரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். கணக்கெடுப்பு வாரம் அதில் சிவப்பு நிறத்தில் இருந்தது. அவரிடம் போய்ப் பேசினேன். "கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன் சார். என் இருக்கையைக் காலி செய்யச் சொன்னார்களே தவிர, என்ன வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

பரிசீலித்த வழிகள்

விபத்துக்கு மறுநாள் நடந்த கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்றார் சோதனைப் பிரிவுத் தலைவர். பல குழுக்களை ஒருங்கிணைக்கும் பெரிய அளவிலான அஜைல் சட்டகம் ஒன்றைக் கொண்டுவரலாம் என்றார் தொழில்நுட்ப இயக்குநர். கூடுதல் சோதனையாளர்களை உடனே எடுக்கலாம் என்றார் மூன்றாமவர்.

பழைய முறையில் திரும்பிவரும் சரக்குத் திரைக்கு என்ன ஆனது என்பதை எல்லாரும் பார்த்தாயிற்று. புதிய சட்டகம் புதிய பதவிகளைக் கொண்டுவரும், ஆனால் கணக்கெடுப்பு வாரத்தைக் கவனிப்பது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. தாமதமாகும் பணியில் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதினார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இருப்பவர்களின் நேரம் போகும். மேலும் இங்கே சோதனை தேங்கியது வேலை மொத்தமாக வந்து குவிந்ததால்தான். ஆகவே எதையும் புதிதாகச் சேர்க்காமல், காணாமல் போனதைத் தேடி எடுப்பது என்று முடிவாயிற்று.

வேலைப் பட்டியல்

ஐந்து பழைய மேலாளர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்தோம். மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் செய்த ஒவ்வொரு வேலையையும், எவ்வளவு சிறியதானாலும், தனித்தனிச் சீட்டில் எழுதச் சொன்னோம். முதல் அரைமணி நேரம் 'திட்டமிடல்', 'கண்காணிப்பு' என்று பெரிய சொற்களாகவே வந்தன. மூத்தவர்தான் அதை உடைத்தார். "நிர்வாகத்திலிருந்து திடீரென்று வரும் கோரிக்கையை இரண்டு நாள் ஆறப்போடுவேன். அதற்கு மேலும் கேட்டால்தான் குழுவிடம் கொண்டுபோவேன். பாதி அப்படியே மறந்துபோகும்" என்று எழுதி ஒட்டினார். அறையில் இருந்த நிர்வாக இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். அதன் பிறகு உண்மையான வேலைகள் வரத் தொடங்கின: ஸ்கேனர் தயாரிப்பாளரிடம் வாரம் ஒருமுறை பேசுவது, புதிதாகச் சேர்பவருக்கு அனுமதிகள் வாங்கித் தருவது, சர்வர் குழுத் தலைவருக்கும் தரவுத்தளக் குழுத் தலைவருக்கும் பேச்சு நின்றுபோனால் இடையில் போய்ப் பேசுவது, விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்த தேதியை வாடிக்கையாளரிடம் பக்குவமாக மாற்றி வாங்குவது.

ஒரே வேலையைச் சொன்ன சீட்டுகளைச் சேர்த்த பிறகும் அறுபதுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விதான் கேட்டோம்: இது நின்றுபோனால் யாருக்கு வலிக்கும்? மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் இல்லை. தினசரி நிலை அறிக்கை, அதை வைத்து எழுதிய வாராந்தர அறிக்கை, அதை வைத்து எழுதிய மாதாந்தர அறிக்கை எல்லாம் அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டன. மீதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதினோம். குழு என்று எழுதினால் குழுவில் யார் என்றும் எழுத வேண்டும். நிர்வாகக் கோரிக்கைகள் புராடக்ட் ஓனரிடம் மட்டுமே போக வேண்டும் என்று நிர்வாக இயக்குநரே ஒப்புக்கொண்டார். மூத்த மேலாளர், வெளியீட்டு ஒருங்கிணைப்பாளராகத் திரும்பி வந்தார். அவருடைய அட்டவணை எல்லாரும் பார்க்கும் இடத்துக்கு வந்தது.

கூடவே எடுத்த முடிவுகள்

ஆண்டு மதிப்பீடு ஸ்க்ரம் மாஸ்டர்களிடமிருந்து எடுக்கப்பட்டுப் பொறியியல் தலைவரிடம் போனது. வெலாசிட்டியைக் குழுவுக்கு வெளியே காட்டுவது நின்றது. அதற்குப் பதிலாக, ஒரு வேலையைத் தொடங்கியது முதல் வாடிக்கையாளர் பயன்படுத்துவது வரை எத்தனை நாள் என்பது மட்டும் மேலே போனது. ஒரே நேரத்தில் எத்தனை அட்டைகள் தொடங்கலாம் என்பதற்குக் கன்பான் முறைப்படி ஒரு வரம்பு வைத்தோம்.

சோதனையாளர்களைக் குழுக்களுக்குள் கொண்டுவருவதில்தான் அதிக விவாதம் நடந்தது. நிரலாளர்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் சோதனையாளர் தட்டிக்கேட்கத் தயங்குவார் என்று பிரிவுத் தலைவர் அஞ்சினார். அது வெற்றுப் பயம் என்று நான் நினைக்கவில்லை. இருவரை மட்டும் முழு மென்பொருளையும் மொத்தமாகச் சோதிக்க வெளியே வைத்துவிட்டு, மற்றவர்கள் குழுக்களில் சேர்ந்தார்கள். 'முடிந்தது' என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை வந்தது: வாடிக்கையாளரிடம் இருப்பது போன்ற சூழலில், பழைய ஸ்கேனரிலும் புதிய ஸ்கேனரிலும் சோதித்துத் தேறியிருக்க வேண்டும். அடுக்குகளாக இருந்த நான்கு குழுக்களில் இரண்டைக் கலைத்து, சரக்கு வரவுக்கு ஒன்று, திரும்பிவரும் சரக்குக்கு ஒன்று என்று அமைத்தோம். மற்ற இரண்டையும் அப்போதைக்குத் தொடவில்லை.

விளைவுகள்

முதல் இரண்டு ஸ்பிரிண்டுகளில் முடிந்த வேலைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்தது. வரையறை கடுமையானதும் அது எதிர்பார்த்ததுதான். ஆனாலும் நிதிப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது. பொறியியல் தலைவர் எண்களோடு வாதாடவில்லை. தொடங்கி முடியாமல் கிடந்த அறுபது அட்டைகள் எத்தனையாகக் குறைந்தன என்பதை மட்டும் வாராவாரம் காட்டினார். அது அறுபதிலிருந்து முப்பதுக்குள் வந்தபோது காத்திருப்பும் குறையத் தொடங்கியது. நான்காம் மாதத்திலிருந்து மாதம் ஒரு வெளியீடு தவறாமல் போனது. கணக்கெடுப்பு வாரங்களில் ஒன்றுகூட விழவில்லை.

திரும்பிவரும் சரக்குத் திரையை மறுபடி எழுதியபோது, கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் வந்து தன் கையால் ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது முறை வந்தபோது, கையுறையோடு இருப்பவர்களால் அந்தப் பொத்தானை அழுத்த முடியாது என்றார். எந்தத் தேவை ஆவணத்திலும் அது வந்திருக்காது. அன்று மாலையே பொத்தானின் அளவு மாறியது.

காலைக் கூட்டம் மாறுவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. மதிப்பீடு கைமாறிய பிறகும் பல வாரம் கண்கள் ஸ்க்ரம் மாஸ்டரையே தேடின. ஒரு ஸ்க்ரம் மாஸ்டர், கூட்டத்துக்கு வராமலே இருந்து பார்த்தார். அந்தக் குழுதான் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கியது.

இழப்பும் இருந்தது. ஸ்க்ரம் மாஸ்டர்களில் ஒருவர் ஆறாம் மாதத்தில் விலகினார். நீண்ட காலத் திட்டம் போடுவதில் அந்நிறுவனத்தில் அவருக்கு நிகர் இல்லை. புதிய அமைப்பில் அந்தத் திறமைக்கு வேலை இருக்கவில்லை. அவருக்குப் பொருத்தமான இடத்தை நேரத்தில் உருவாக்கியிருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

மறுபடி செய்வதானால்

வரிசைதான் முதலில் மாற வேண்டும். வேலைப் பட்டியல் பதவி அறிவிப்புக்கு முன்னால் வர வேண்டும். ஐந்து பேரை இரண்டு நாள் உட்கார வைத்தால் போதும், அதைவிடச் செலவு குறைந்த முன்னேற்பாடு இந்த மாற்றத்தில் வேறு எதுவும் இல்லை. மதிப்பீடு யாரிடம் என்பதையும் முதல் காலைக் கூட்டத்துக்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். நான்கு குழுக்களையும் ஒரே வாரத்தில் மாற்றாமல், திரும்பிவரும் சரக்கு போன்ற ஒரு பகுதியை எடுத்து, சோதனையாளர் உட்பட ஒரே குழுவாகத் தொடங்கினால் மற்றவர்களுக்குப் பார்த்துக் கற்க ஓர் இடம் இருக்கும்.

ஒப்பந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. மிகப் பெரிய வாடிக்கையாளர், என்னென்ன செய்வீர்கள் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கி, அதற்கு ஒரே தொகை பேசுகிறார். அந்தப் பணிக்கு மட்டும் பழைய ஆவண முறையே தொடர்கிறது. புதுப்பிக்கும்போது ஒரு பிரிவைச் சேர்க்க முயல்கிறார்கள்: இன்னும் தொடங்காத எந்த வேலையையும் அதே அளவுள்ள வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கும், பணம் காலாண்டுக்கு ஒருமுறை வரும். அளவு ஒன்றுதான் என்று யார் தீர்மானிப்பது என்பதில் பேச்சு நின்றிருக்கிறது. புராடக்ட் ஓனரும் வாடிக்கையாளரின் கிடங்குத் தலைவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம் என்று இரு தரப்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.